விடுமுறைக்கு ஏற்ற கடற்கரை: தோட்டவெளியில் மூன்று நாட்கள்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் ஒரே கேள்விதான் எழுகின்றது: "இம்முறை பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது?" கையிற் பணமுள்ளோர் நுவரெலியாவை நாடுவர், கடலை விரும்புவோர் தென்கரைக்கோ திருகோணமலைக்கோ செல்வர். மன்னாருக்குச் செல்லலாமே என்று யாரேனும் சொன்னால், "அங்கே என்ன இருக்கிறது? மணலும் பனையும் வெயிலும்தானே!" என்ற மறுமொழி உடனே வந்துவிடும். அந்த மறுமொழி எத்துணை தவறானது என்பதைக் காட்டுவதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கமாகும்.

கடற்கரை விடுமுறை என்றால் நீராடுவது மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஸ்கொட்லாந்து தேசத்தாரைப் பாருங்கள். அவர்களுடைய கடல் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். மழை எந்நேரம் பெய்யும் என்று சொல்ல இயலாது. ஆயினும் அந்நாட்டின் கிழக்குக் கரைக்கு ஆண்டுதோறும் குடும்பங்கள் திரண்டு செல்கின்றன. அங்கே அவர்கள் காண்பவை யாவை? நோர்த் பெரிக் என்னும் ஊருக்கு எதிரே கடலில் எழுந்து நிற்கும் பாஸ் பாறையையும், அதனை வெண்பனி போல் மூடியிருக்கும் கடற்பறவைக் கூட்டத்தையும் காண்கிறார்கள். செயின்ற் அன்ட்ரூஸ் நகரில் இடிந்த கோட்டையையும் பேராலயத்தையும் காண்கிறார்கள். ஆன்ஸ்ட்ரதர் என்ற மீன்பிடி ஊரில் 1969ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீனவர் நூதனசாலைக்குச் சென்று, தங்கள் பாட்டனார் எந்தப் படகில் எந்த வலையோடு கடலுக்குச் சென்றனர் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். பறவை, கோட்டை, ஆலயம், மீனவர் வாழ்வு ஆகிய இந்நான்குமே அவர்களுக்குக் கடற்கரை விடுமுறையாக அமைந்துவிடுகின்றன.

இந்நான்கும் மன்னாரில் உண்டு. அவற்றோடு, ஸ்கொட்லாந்தில் இல்லாத வெதுவெதுப்பான கடலும் உண்டு. இல்லாதது ஒன்றே, அவற்றைக் காண வேண்டும் என்ற எண்ணம் நம்மிடத்தில் இல்லை.

எங்கே தங்குவது? எப்போது செல்வது?

மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமான மணல் தீவு. அதன் ஒரு முனையில் மன்னார் நகரமும் மறுமுனையில் தலைமன்னாரும் உள்ளன. இரண்டையும் இணைக்கும் பெருவீதியில், பேசாலைக்கு இப்பால் அமைந்துள்ள அமைதியான ஊரே தோட்டவெளி. பனைகளும் வேம்புகளும் சூழ்ந்த இவ்வூருக்கெனப் புகையிரத நிலையமும் உண்டு. இதனை நடுவிடமாகக் கொண்டால், கிழக்கே நகரத்தையும் மேற்கே தலைமன்னாரையும் வெவ்வேறு நாட்களில் சோர்வின்றிக் கண்டு திரும்பலாம். நகரத்திலும் தீவின் பிற இடங்களிலும் தங்குமனைகள் இருக்கின்றன; விடுமுறைக் காலத்தில் முன்கூட்டியே எழுதியோ பேசியோ இடம் ஒழுங்கு செய்துகொள்வது நன்று.

வீதிவழி வருவோர், 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மேலாகத் தீவினுள் நுழைவர். புகையிரதப் பாதையோ 1914இல் அமைக்கப்பட்ட பழம்பெரும் பாதை. போரினால் 1990இல் தடைப்பட்டு, தண்டவாளங்களும் இல்லாது போய், மீண்டும் இடப்பட்டு, 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் தலைமன்னார் இறங்குதுறை வரை திறந்துவைக்கப்பட்டது. மழை வெள்ளத்தால் சேவைகள் மாறுவதுண்டு. ஆதலால் புறப்படுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளல் வேண்டும்.

காலத்தைப் பொறுத்தமட்டில், மன்னார்க்காரர் காற்றைக் கொண்டே ஆண்டைக் கணிப்பர். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை சோளகக் காற்று தென்கரையைக் கொந்தளிக்கச் செய்யும். அப்போது பாக்கு நீரிணையை நோக்கிய வடகரை அமைதியாயிருக்கும். வாடைக்காற்று எழும் மார்கழியில் நிலை தலைகீழாகும். மீனவரும் காற்றுக்கேற்பவே கரை மாறித் தொழில் செய்வர். ஆதலின் "இன்று எந்தக் கரை நல்லது?" என்று ஊராரைக் கேட்காமல் பிள்ளைகளை நீரில் இறக்கலாகாது. நீராடுவதற்குச் சித்திரை விடுமுறையும், பறவைகளைக் காண மார்கழி, தை மாதங்களும் சிறந்தவை.

தோட்டவெளியில் முதல் மாலை

வந்து இளைப்பாறிய மாலையில் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. தோட்டவெளியிலேயே வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் இருக்கின்றது. அதன் முன்னே சற்று அமர்ந்து, அவ்விடத்து வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

1544ஆம் ஆண்டில் மன்னார்த் தீவின் கரையோர மக்கள் புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தூது அனுப்பித் தங்களுக்குத் திருமுழுக்கு அளிக்குமாறு வேண்டினர். அவர் அப்போது தென்னிந்தியக் கரையில் பணியாற்றிக்கொண்டிருந்தமையால், தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பிவைத்தார். மக்கள் பெருந்தொகையாக மதம் மாறியதை அறிந்த யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையோடு வந்து அவர்களைத் தண்டித்தான். அறுநூறு பேர் வரையில் கொல்லப்பட்டனர் என்று குறிப்பர். புதிய சமயத்தின் பின்னே போர்த்துக்கேயரின் ஆட்சியும் வரும் என்ற அச்சமே மன்னனை அவ்வாறு செய்வித்தது என்பது வரலாற்றாசிரியர் பலருடைய கருத்து. அந்த வேதசாட்சிகளின் நினைவையே தோட்டவெளி போற்றிவருகின்றது.

மன்னனின் அச்சம் ஆதாரமற்றதாகவும் இருக்கவில்லை. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். ஆனால் மடிந்தவரோ ஆட்சியைப் பற்றி ஏதும் அறியாத சாதாரண கடற்றொழிலாளர். அரசர்களின் கணக்கில் எளியவர்கள் கடன் தீர்ப்பதை இத்தீவு பலமுறை கண்டிருக்கிறது. இம்மூன்று நாட்களில் அதனை நீங்கள் மேலும் காண்பீர்கள்.

இரண்டாம் நாள் காலை: நகரமும் பெருக்கமரமும்

மறுநாட் காலையில் நகருக்குச் செல்லலாம். பாலத்தைக் கடந்ததுமே தென்படும் கோட்டைதான் மேலே குறிப்பிட்டது. போர்த்துக்கேயர் கட்டினர், 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் திருத்திக் கட்டினர், 1795இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. நான்கு கொத்தளங்களும் அகழியும் உடைய இக்கோட்டை அளவிற் சிறியதாயினும், மேலேறி நின்றால் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் ஒருங்கே தோன்றும். மூன்று வல்லரசுகள் இச்சிறு மணற்றிட்டுக்காக ஏன் போட்டியிட்டன என்று பிள்ளைகள் கேட்டால், முத்தும் யானை வணிகமும் நீரிணைக் காவலும் என்று மறுமொழி கூறுங்கள். முத்தைப் பற்றி மூன்றாம் நாளில் விரிவாகப் பார்ப்போம்.

அடுத்துப் பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரம். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். உயரமோ அதிற் பாதியும் இல்லை. பானை கவிழ்த்தாற்போன்ற அதன் அடியைக் கட்டிப்பிடிக்க ஒரு வகுப்புப் பிள்ளைகளே கைகோக்க வேண்டியிருக்கும். வயது எழுநூறு ஆண்டு என்று மதிப்பிடுவர். இம்மரத்தின் சொந்த நாடு ஆபிரிக்கா. அரபு வணிகர் தங்கள் ஒட்டகங்களுக்கும் பிற கால்நடைகளுக்கும் இரையாகும் பொருட்டு இங்கு கொண்டுவந்து நட்டனர் என்பது மரபு. எங்கோ பிறந்த விதை இந்த உவர் மண்ணில் வேரூன்றி, ஊர்மரமாகவே ஆகிவிட்டது.

நகரத் தெருக்களிற் சுற்றித் திரியும் கழுதைகளும் அவ்வாறே. ஒருகாலத்தில் பொதி சுமந்த இனத்தின் வழிவந்த இவற்றுக்கு இப்போது எசமானர் இல்லை. பிள்ளைகள் இவற்றைக் கண்டால் குதூகலிப்பர். ஆனால் ஏறிச் சவாரி செய்யவும் கல்லெறியவும் இடங்கொடாதீர்கள். உணவுக் கழிவுகளோடு நெகிழிப் பைகளையும் தின்று இவை நோயுறுவதுண்டு.

மாலையிற் பறவைகள்

வெயில் தணிந்ததும் நகரத்தையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதிப் பாதைக்குச் செல்லுங்கள். இருமருங்கும் விரிந்து கிடக்கும் ஆழமற்ற களப்பும் சேற்று நிலமும் வங்காலைப் பறவைகள் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 2008இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இவ்விடம், 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக றம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சேர்க்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்தும் வடக்கேயுள்ள குளிர்நாடுகளிலிருந்தும் தெற்கு நோக்கி வரும் பறவைகளுக்கு இது பயணத்தின் இறுதித் தரிப்பிடம் போன்றது. இலங்கைக்கு அப்பால் தெற்கே அவற்றுக்குப் பெருநிலம் இல்லை; கடல்தான்.

நல்ல காலமாயின் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்பதைக் காணலாம். தொலைவிலிருந்து பார்க்கும்போது நீரின் மேல் இளஞ்சிவப்புக் கோடொன்று இழுத்தாற்போலத் தோன்றும். சற்றுப் பொறுத்திருந்தால் அக்கோடு அசையும். ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் ஆலாக்களும் கூடவே திரியும். ஒரு தொலைநோக்கியும் அரைமணிப் பொறுமையும் போதும். நீரில் இறங்கி அருகே செல்ல முயல வேண்டாம். கூட்டம் ஒருமுறை எழும்பினால், பெரும்பயணத்துக்குப் பின் அவை உண்டு சேர்த்த வலிமை வீணாகிவிடும். பாஸ் பாறைக்கு எதிரே 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடற்பறவை நிலையத்தில், பாறைமேல் பொருத்திய படக்கருவிகள் வாயிலாகக் கரையிலிருந்தே பறவைகளைக் காண வழிசெய்திருக்கிறார்கள். நெருங்காமற் காண்பதும் ஒரு மரியாதை என்பதை அவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

மூன்றாம் நாள்: பேசாலையும் தலைமன்னாரும்

விடியுமுன் எழ வல்லவராயின் பேசாலைக் கரைக்குச் செல்லுங்கள். இரவிற் கடலுக்குச் சென்ற படகுகள் திரும்பும் நேரம் அது. வலையை உதறுவோர், மீனைத் தரம் பிரிப்போர், ஏலம் கூறுவோர், கருவாட்டுக்கு மீனைப் பிளப்போர் என்று கரை முழுவதும் சுறுசுறுப்பாயிருக்கும். அங்கே நீங்கள் விருந்தாளிகள், அவர்கள் தொழிலாளர்கள். அவர்களைப் படம் பிடிக்குமுன் ஒரு சொல் கேளுங்கள். "ஐயா, இந்த மீனுக்கு என்ன பெயர்?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், வேலையை நிறுத்தாமலேயே பத்து மீன்களின் பெயரைச் சொல்லிக் கொடுப்பர். பாரை, சூடை, விளை, திருக்கை, கணவாய் என்று அப்பெயர்களை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்கச் செய்யுங்கள். எந்தப் பாடநூலும் அதற்கு ஈடாகாது.

இக்கடலில் ஆவுளியா என்னும் கடற்பாலூட்டியும் வாழ்கின்றது. குட்டிக்குப் பாலூட்டி, கடற்புல்லை மேய்ந்து வாழும் இச்சாதுவான பிராணியைக் கண்டே பண்டைய மாலுமிகள் கடற்கன்னிக் கதைகளைக் கட்டினர் என்பர். அதன் இறைச்சிக்காக மனிதர் வேட்டையாடியதால் இன்று அது அருகிவிட்டது; சட்டம் அதனைப் பாதுகாக்கின்றது. எவரேனும் இரகசியமாக அதன் இறைச்சி என்று விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பேசாலையிலிருந்து மேற்கே சென்றால் வீதி முடியுமிடம் தலைமன்னார் இறங்குதுறை. இன்று அங்கே ஒரு வெளிச்சவீடும், பழுதுற்று நிற்கும் பழைய துறைமேடையும், அலையும் காற்றுமே உண்டு. ஆனால் 1914ஆம் ஆண்டிலிருந்து இவ்விடம் இரு நாடுகளுக்கும் வாசலாயிருந்தது. சென்னையிற் புறப்பட்ட போட்மெயில் தனுஷ்கோடிக்கு வரும். அங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்கு வரும். இங்கே காத்திருக்கும் புகையிரதம் பயணிகளைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்லும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980களின் முற்பகுதியில் அதுவும் நின்றது.

இத்துறையின் வழியே வந்தவர்களிற் பெரும்பாலோர் உல்லாசப் பயணிகள் அல்லர். தேயிலைத் தோட்டங்களுக்கென்று தமிழகத்து ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழைகள் பலர் இம்மண்ணிலேதான் முதலடி வைத்தனர். புகையிரதம் வருமுன் அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மலைநாடு வரை நடந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பின், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. இலங்கையிற் பிறந்து, இலங்கையைத் தவிர வேறு நாட்டைக் கண்டிராத குடும்பங்கள் இதே துறையில் கப்பலேறின. மலைநாட்டிலிருந்து அவர்களைச் சுமந்து வந்த புகையிரதத்தில் எழுந்த அழுகுரலை நினைவுகூர்வோர் இன்றும் உளர். உங்கள் குடும்பத்திற் பெரியவர் எவரேனும் மலைநாட்டோடு தொடர்புடையவராயின், இத்துறையில் நின்று அவர் கூறுவதைப் பிள்ளைகள் கேட்கட்டும்.

இங்கிருந்து தனுஷ்கோடி நோக்கிச் செல்லும் மணற்றிட்டுகளின் வரிசையே இராமர் அணை. வெளிநாட்டார் இதனை ஆதாமின் பாலம் என்பர். 2015இல் இலங்கைப் பகுதியிலுள்ள திட்டுகள் கடற்பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிட்டுப் பொரிக்கும் இடங்கள் அவை. அனுமதியும் படகு வசதியும் கிடைக்குமாயின் சென்று காணலாம். ஆனால் முட்டைகள் மணலின் நிறத்திலேயே இருக்குமாதலால், காலடியைப் பார்த்தே நடக்க வேண்டும்.

திரும்பும் வழியில்: திருக்கேதீச்சரமும் அரிப்பும்

ஊர் திரும்பும் நாளை வீணாக்க வேண்டாம். தாம்போதியைக் கடந்ததும் மாந்தைப் பகுதி வரும். மாதோட்டம் என்று பண்டைய நூல்கள் புகழும் துறைமுகநகர் இதுவே. 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வாய்வில் சீனக் கலங்களின் ஓடுகளும் மேற்காசிய நாட்டுப் பாண்டங்களும் கிடைத்தன. அதனருகே பாலாவித் தீர்த்தக் கரையில் திருக்கேதீச்சரம் விளங்குகின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். நாயன்மார் பதிகம் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டனுள் ஒன்று; மற்றையது திருக்கோணமலை. போர்த்துக்கேயர் இக்கோயிலைத் தரைமட்டமாக்கினர். 1872இல் ஆறுமுக நாவலர் இதனை மீண்டும் எடுப்பிக்க வேண்டுமென அறைகூவினார். பின்வந்தோர் நிலத்தை மீட்டுக் கோயிலை எழுப்பினர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அடியார்கள் செல்ல இயலாத ஆண்டுகளும் இருந்தன. கருங்கற் திருப்பணி நிறைவேறி 2022ஆம் ஆண்டு ஜூலையில் குடமுழுக்கு நடைபெற்றது.

இதே மாந்தையிலிருந்துதான், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மடுமாதாவின் திருவுருவம் காட்டுக்குள் கொண்டு செல்லப்பட்டது. இன்று மடுவில் ஓகஸ்ட் 15ஆம் நாள் நடைபெறும் பெருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகின்றனர். சமய வேறுபாடு அங்கே பார்ப்பதில்லை.

நேரமும் வாகனமும் வாய்க்குமாயின் தெற்கே அரிப்புக்குச் செல்லுங்கள். அருவியாறு கடலிற் கலக்கும் பகுதி அது. கண்டி மன்னனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தது அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கே. அருகே கடலோரத்துச் செம்மண் மேட்டில் செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. அவை முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801ஆம் ஆண்டளவிற் கட்டத் தொடங்கிய மாளிகையின் எச்சம். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென எழுந்த அம்மாளிகையை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று அழைப்பர். மாளிகையின் பெரும்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதும் எத்தனை ஆண்டுகள் நிற்குமோ!

இங்கே முத்துக்குளிப்பு எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தால் பிள்ளைகள் வியப்பர். மாசி, பங்குனி மாதங்களில் கடல் அமைதியுறும்போது வெறுங்கரையில் ஓலைக்குடிசைகளால் ஒரு நகரமே எழும். தூத்துக்குடி, கீழக்கரை, அரபு நாடு ஆகிய இடங்களிலிருந்து குளிகாரர் வருவர். கல்லின் பாரத்தால் கீழிறங்கி, மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் நிரப்பி, கயிற்றை அசைத்து மேலேறுவர். சுறா தீண்டாதிருக்க மந்திரம் ஓதும் கடல்கட்டி ஒருவர் இல்லாமற் குளிகாரர் கடலில் இறங்கார். குளிகாரருக்குச் சிப்பியில் மூன்றிலொரு பங்கு, மற்றது அரசுக்கு. மாலையில் ஏலம். வாங்கியவர் சிப்பிகளைத் திறக்காமல் அழுகவிட்டுக் கழுவியெடுப்பர். அந்நாற்றம் பல கல் தூரம் வீசுமாம். சிலாபத்துறை என்ற அயலூரின் பெயரிலும் முத்துச் சலாபத்தின் நினைவு இருக்கின்றது.

1905ஆம் ஆண்டில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 இலட்சம் ரூபா கிடைத்தது. அத்துணை பெரிய வருவாயைக் கண்ட அரசு மறு ஆண்டே முத்துப்படுகைகளை ஒரு கும்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டுகளிலேயே சிப்பிகள் அற்றுப்போயின, கும்பனியும் நிலைக்கவில்லை. 1925இல் ஒருமுறை நடந்த பின், பழைய பெருமையில் முத்துக்குளிப்பு திரும்பவேயில்லை. யப்பானியரின் வளர்ப்பு முத்தும் உலகச் சந்தையைப் பிடித்துவிட்டது. ஸ்கொட்லாந்தின் ஆறுகளிலும் ஒருவகை முத்துச்சிப்பி உண்டு. அங்கும் அளவுக்கு மீறி எடுத்தே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தனர். 1998இல் அதனைத் தொடுவதே குற்றம் எனச் சட்டம் வகுத்தனர். அவர்கள் காலந்தாழ்த்தியேனும் காத்தனர். நமக்கோ இடிந்த சுவரொன்றே எஞ்சியது.

உணவும் பயணப் பொருளும்

இல்லத்தரசியருக்குச் சில குறிப்புகள். தொப்பி, குடை, பருத்தி உடை, பிள்ளைகளுக்கு நீண்ட கைச் சட்டை ஆகியன இன்றியமையாதவை; இம்மணலின் வெயில் மலைநாட்டாரும் கொழும்பாரும் அறியாதது. கரையோரக் கிணறுகளிற் பல உவர்நீர். நன்னீர் இத்தீவில் அருமைப் பொருள். ஆதலாற் குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள். குளிக்கும் நீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். கடையில் நெகிழிப் போத்தல்களை அடுக்கடுக்காக வாங்கிக் கரையில் எறிவதைவிட, வீட்டிலிருந்தே பெரிய கலமொன்றைக் கொண்டு செல்வது மேல்.

உணவுக்குக் குறைவில்லை. நண்டுக் குழம்பும் கணவாய்ப் பொரியலும் எங்கும் கிடைக்கும். ஒடியற் கூழ் வாய்த்தால் விடாதீர்கள். பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு ஆகியவற்றை ஊர்ப் பெண்களிடமே வாங்குங்கள், கருவாடும் அவ்வாறே. நீங்கள் கொடுக்கும் பணம் அப்போது உழைத்தவர் வீட்டுக்கே போய்ச் சேரும். பிள்ளைகள் வெறுஞ்சிப்பிகளைப் பொறுக்கலாம். உயிருள்ள சங்கையும் பவளத்தையும் தொடலாகாது.

இன்று இத்தீவை எதிர்நோக்கும் கேள்வி

தென்கரையில் உயர்ந்து நிற்கும் வெண்ணிறக் காற்றாலைகளைக் கண்டு பிள்ளைகள் கேள்வி கேட்பர். 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் 30 காற்றாலைகளோடு தொடங்கிய இந்நிலையம் 103.5 மெகாவாற்று வலுவுள்ளது. புகையின்றி மின்சாரம் கிடைப்பது நாட்டுக்கு நன்மையே. ஆயினும் மேலும் காற்றாலைகள் வருவதைப் பற்றியும், கனிய மணல் அகழ்வதைப் பற்றியும் தீவு மக்கள் கவலை கொண்டுள்ளனர். வலசைப் பறவைகளின் வழி, வெள்ளம் வடியும் வாய்க்கால், கரைவலை இழுக்கும் இடம், தாழ்ந்த மணல் நிலம் ஆகியவை என்னாகும் என்று கேட்டு 2025ஆம் ஆண்டு ஓகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினர். இவ்வழக்கில் தீர்ப்பு வழங்க மூன்று நாள் விருந்தினருக்கு உரிமை இல்லை. ஆனால் அம்மக்கள் சொல்வதைச் செவிமடுக்கும் கடமை உண்டு. முத்துப்படுகையைக் குத்தகைக்குக் கொடுத்தபோது அக்கரையின் குளிகாரரை யாரும் கலந்து பேசவில்லை என்பதை நினைவிற் கொள்வோமாக.

இன்னொன்றும் உண்டு. இம்மூன்று நாட்களில் நாம் கண்டவற்றை ஒருங்கே வைத்துப் பாருங்கள். தோட்டவெளியில் கிறிஸ்தவர் மடிந்தனர். திருக்கேதீச்சரத்தில் சைவரின் கோயில் இடிந்தது. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் காட்டுக்கு ஓடினர். தலைமன்னார்த் துறையில் மலைநாட்டார் பிரிந்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில், எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். உடுத்த உடையோடு பலர் கடல் வழியே சென்றனர். போர் முடிந்தபின் மீண்டு வந்தோரும் உளர், வராதோரும் உளர். இச்சிறு தீவிலும் அதன் கரையிலும் கண்ணீர் சிந்தாத சமூகம் ஒன்றுமில்லை. எல்லாக் காலத்திலும் குற்றமற்றிருந்த தரப்பும் ஒன்றுமில்லை.

பெற்றோர் பலர் தத்தம் சமூகத்தின் துன்பத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கின்றனர். மன்னாரில் அவ்வாறு செய்ய இயலாது; ஒரு கதை நிகழ்ந்த இடத்திலிருந்து ஒரு நாழிகைப் பயணத்தில் மற்றொரு கதை நிகழ்ந்த இடம் வந்துவிடும். நான்கையும் ஐந்தையும் ஒருசேரக் கேட்டு வளரும் பிள்ளை, ஒன்றை மட்டும் கேட்டு வளரும் பிள்ளையைவிட நியாயமுள்ளதாய் வளரும் என்பது நமது நம்பிக்கை. வேறு எந்த உல்லாசத் தலமும் மூன்று நாளில் இப்பயனைத் தராது.

ஆகவே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளின் பையில் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் பென்சிலையும் வையுங்கள். மீன்களின் பெயர், பறவைகளின் எண்ணிக்கை, கோட்டையின் ஆண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்ன செய்தி ஆகிய நான்கையும் எழுதி வரும்படி கூறுங்கள். திரும்பும் புகையிரதத்தில் அதனை வாசிக்கக் கேளுங்கள். தோட்டவெளி நிலையத்தில் வண்டி நிற்பது சிறிது நேரமே. இறங்குவதற்குக் காலே ஆயத்தமாயிருக்க வேண்டும்.